நோயாளரின் கைவழி: நீரிழிவுச் சிகிச்சை வரலாற்றின் மறுபக்கம்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடித்தவர் இன்னார், நோபல் பரிசு பெற்றவர் இன்னார், மருந்து வெளிவந்த ஆண்டு இது என்றவாறு செல்லும் அவ்வரலாற்றில் நோயாளிக்குரிய இடம் மிகச் சிறிது. அவர் படுக்கையில் கிடக்கின்றார், ஊசி ஏற்றப்படுகின்றார், பிழைக்கின்றார் அல்லது இறக்கின்றார். இக்குறைபாட்டினை ஆங்கில வரலாற்றாசிரியர் றோய் போட்டர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிற் சுட்டிக்காட்டி, மருத்துவ வரலாறு கீழிருந்தும் எழுதப்படல் வேண்டும் என வற்புறுத்தினார். நோயுற்றோர் தம் நோயை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், அதற்கு எதிராக என்ன செய்தனர் என்பனவும் வரலாற்றின் பொருளே என்பது அவரது வாதமாகும்.

நோயுற்றோர் துன்பத்தை அனுபவித்தோர் மாத்திரமல்லர். சில வேளைகளிற் சிகிச்சையை ஆக்கியோரும் அவர்களே. இதனை ஒரு நோயின் வரலாற்றைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எம் முன்னோர் சலரோகம் என வழங்கிய நீரிழிவே அந்நோய். அதிலும் இளமையிலேயே தோன்றி, இன்சுலின் இன்றேல் உயிர்வாழ இயலாத நிலையை உண்டாக்கும் முதலாம் வகை நீரிழிவே ஈண்டு சிறப்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

இன்சுலினும் அதன் பின்னரும்

1921ஆம் ஆண்டுக் கோடைகாலத்திற் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்திற் பிரெடெரிக் பான்ரிங், சாள்ஸ் பெஸ்ற் ஆகிய இருவரும், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், சதையியிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் ஈடுபட்டனர். கொலிப் என்னும் உயிரிரசாயனவியலாளர் அச்சாற்றினைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயனளிக்கவில்லை. கொலிப் தூய்மைப்படுத்திய மருந்து 12 நாட்களின் பின்னர் செலுத்தப்பட்டபோது சிறுவன் தேறினான். 1923இல் பான்ரிங்கும் மக்லியொட்டும் நோபல் பரிசு பெற்றனர். பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகியோர் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்குக் கையளித்தனர்.

பாடநூல்கள் இவ்விடத்திற் கதையை முடித்துவிடுகின்றன. உண்மையில் நோயாளியின் கதை இங்குதான் தொடங்குகின்றது. இன்சுலின் நோயைக் குணப்படுத்தவில்லை. சாவைத் தள்ளிவைத்து, அதற்கு ஈடாக வாழ்நாள் முழுவதும் செய்யவேண்டிய ஒரு வேலையைக் கொடுத்தது. உண்ட உணவு, செய்த உழைப்பு, ஏற்றிய மருந்து ஆகிய மூன்றையும் நாள்தோறும் சமன்செய்தல் வேண்டும். மருந்து குறைந்தாற் குருதியிற் சர்க்கரை பெருகி, ஆண்டுகள் செல்லக் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் அழிக்கும். மருந்து மிகுந்தாற் சர்க்கரை வீழ்ந்து, ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே மயக்கத்தையும் சில வேளைகளில் மரணத்தையும் விளைக்கும். வைத்தியர் மாதத்திற்கு ஒருமுறை பார்ப்பார். எஞ்சிய நாட்களில் வைத்தியர் செய்யவேண்டியதை நோயாளியோ அவருடைய தாயோ துணைவரோதான் செய்தாக வேண்டும்.

இதனை உணர்ந்த மருத்துவர்களும் இருந்தனர். பொஸ்ரன் நகரைச் சேர்ந்த எலியட் ஜொஸ்லின், மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்துவதற்கான கைந்நூலொன்றை 1918ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். ஆயினும் அத்தகைய நூல்களில் நோயாளி ஒரு மாணாக்கர்; கற்றுக்கொடுத்ததைப் பிழையின்றி ஒப்புவிப்பதே அவரது கடன். மாணாக்கர் ஆசிரியருக்குக் கற்பிக்கவும் கூடும் என்பதை ஏற்க நெடுங்காலம் சென்றது.

சங்காயின் எருமைகள்

1921ஆம் ஆண்டிற் பிராக் நகரிற் பிறந்த ஏவா சக்சல், நாற்சிகளின் யூத ஒடுக்குமுறைக்குத் தப்பித் தம் கணவர் விக்ரருடன் சீனாவின் சங்காய் நகரை அடைந்தார். அங்கு அவருக்கு நீரிழிவு ஏற்பட்டது. தொடக்கத்தில் இன்சுலின் கடைகளிற் கிடைத்தது. 1941 டிசெம்பரில் யப்பானியப் படைகள் நகரின் சர்வதேசக் குடியேற்றப் பகுதியைக் கைப்பற்றியதும் வெளிநாட்டு மருந்தின் வரவு நின்றது. கள்ளச்சந்தையில் விற்கப்பட்டதோ விலையிலும் தரத்திலும் நம்பத்தகாததாயிருந்தது. போரும் தடையும் மருந்தின் வழியை அடைக்கும்போது நோயாளர் படும் பாட்டினை எமது வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஏவாவும் விக்ரரும் மருத்துவம் கற்றவரல்லர். அவர்களிடம் இருந்தது ஒரு மருத்துவ நூல். பான்ரிங்கும் பெஸ்ற்றும் சதையியிலிருந்து இன்சுலின் எடுத்த முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. நகரத்து ஆய்வுகூடமொன்றில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. எருமைகளின் சதையியைத் தேடிப்பெற்று, நூலிற் கண்டவாறு சாறெடுத்து, மீண்டும் மீண்டும் முயன்றனர். கிடைத்த மருந்தின் வலுவை அறிவதற்கு முயல்களைப் பயன்படுத்தினர். இன்சுலினின் அலகே தொடக்கத்தில் முயலின் குருதிச் சர்க்கரை வீழ்ச்சியைக் கொண்டுதான் வரையறுக்கப்பட்டது. ஆகவே அவர்கள் கைக்கொண்டது ரொறன்ரோ அறிஞரின் வழியேயாகும். இறுதியிற் பழுப்பு நிறமான ஒரு திரவம் கிடைத்தது. முயல் பிழைத்துக்கொண்டது, மனிதர் பிழைப்பாரா என்பதை அறிய வேறு வழியில்லை. முதல் ஊசியை ஏவா தமக்கே ஏற்றிக்கொண்டார்.

மருந்து வேலைசெய்தது. இதன்பின் அவர்கள் செய்ததே வரலாற்று நோக்கிற் பெரிதும் முக்கியமானது. தம் தேவைக்கு மட்டும் ஆக்கிக்கொண்டு அவர்கள் ஒதுங்கவில்லை. 1943இல் யூத அகதிகள் நகரின் ஒரு குறுகிய பகுதிக்குள் அடைக்கப்பட்ட பின்னரும், போர் முடியும்வரை, சங்காயில் இருந்த நூற்றுக்கணக்கான நீரிழிவு நோயாளருக்கு அப்பழுப்புநிற மருந்து சென்றடைந்தது.

இவ்விடத்து ஒரு தொடர்பினை மனங்கொள்ளல் வேண்டும். ரொறன்ரோ அறிஞர் தம் முறையை மறைக்காது நூல்களில் வெளியிட்டிருந்தமையாலேயே உலகின் மறுகோடியில் ஒரு நோயாளி அதனை மீளச் செய்ய முடிந்தது. அறிவு பகிரப்பட்டபோது உயிராயிற்று. இப்பகிர்வு என்னும் பண்பு பின்வரும் நிகழ்ச்சிகளிலும் தொடர்ந்து வருவதைக் காண்போம்.

பொறியியலாளரின் அளவுகோல்

ஏவாவின் சிக்கல் மருந்தைப் பற்றியது. அடுத்த சிக்கல் அளவைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வீட்டிலிருந்த நோயாளி தம் நிலையைச் சிறுநீரைக்கொண்டே அறிந்தார். சிறுநீர் சொல்வதோ சில மணித்தியாலங்களுக்கு முந்திய கதை. மேலும் குருதிச் சர்க்கரை குறிப்பிட்ட ஓரெல்லையைத் தாண்டினால் மாத்திரமே அது சிறுநீரில் வெளிப்படும். ஆபத்தான வீழ்ச்சியைச் சிறுநீர் ஒருபோதும் அறிவிக்காது.

நியூயோர்க்கைச் சேர்ந்த றிச்சாட் பேண்ஸ்ரைனுக்கு 1946ஆம் ஆண்டில், தமது 12ஆவது வயதில், நீரிழிவு ஏற்பட்டது. பொறியியலாளராகிய அவர் முப்பது வயதைத் தாண்டியபோது சிறுநீரகப் பாதிப்பு உட்படப் பல சிக்கல்களுக்கு ஆளாகியிருந்தார். வைத்தியர் சொற்படி நடந்தும் உடல் நலிந்துகொண்டே சென்றது. 1969இல் தொழில்சார் சஞ்சிகையொன்றில் ஒரு விளம்பரத்தைக் கண்டார். ஒரு துளிக் குருதியிலிருந்து ஒரு நிமிடத்திற் சர்க்கரையின் அளவை அறியும் கருவி அது. மயங்கிய நிலையிற் கொண்டுவரப்படுபவர் குடிபோதையில் உள்ளவரா நீரிழிவு நோயாளியா என்று, ஆய்வுகூடம் மூடப்பட்ட இரவு வேளைகளில் வைத்தியசாலைகள் அறிவதற்காகவே அது செய்யப்பட்டது. நிறை ஏறத்தாழ மூன்று இறாத்தல். விலை 650 டொலர். வைத்தியர்க்கும் வைத்தியசாலைகளுக்குமன்றி நோயாளிக்கு அது விற்கப்படுவதில்லை. பேண்ஸ்ரைனின் மனைவி ஒரு வைத்தியர். அவர் பெயரிலேயே கருவி வாங்கப்பட்டது.

பேண்ஸ்ரைன் ஒரு பொறியியலாளர் செய்யக்கூடியதையே செய்தார். நாளொன்றுக்கு ஐந்து தடவை வரை அளந்தார், எழுதினார், உணவில் ஒன்றையும் மருந்தில் ஒன்றையும் மாற்றி மீண்டும் அளந்தார். ஒரே நாளிற் சர்க்கரை மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் ஊசலாடுவதைக் கண்டார். ஒரு வேளை ஊசியைப் பல வேளைகளாகப் பகிர்ந்தும், காபோவைதரேற்று உணவைக் குறைத்தும் அவ்வூசலாட்டத்தை அடக்கினார். தம் உடல்நிலை மீண்டதைப் பின்னர் தாமே பதிவுசெய்துள்ளார்.

தாம் கண்டதைக் கட்டுரையாக்கி மருத்துவச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். அவை ஏற்கவில்லை. பொறியியலாளரின் சொல் மருத்துவ அவையில் ஏறாது என்பதைக் கண்ட அவர் தொழிலை விட்டு, 1979ஆம் ஆண்டில், தமது 45ஆவது வயதில், நியூயோர்க்கின் அல்பேட் ஐன்ஸ்ரைன் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1983இல் வைத்தியராக வெளியேறி, 2025ஆம் ஆண்டில் தமது 90ஆவது வயதில் இறக்கும்வரை நீரிழிவையே தம் துறையாகக் கொண்டிருந்தார். கருத்து மாறவில்லை, கருத்தைக் கூறியவரின் பட்டமே மாறியது.

இதற்கிடையில், 1978இல், இங்கிலாந்தைச் சேர்ந்த இரு மருத்துவர் குழுக்கள், நோயாளர் வீட்டிலேயே தம் குருதிச் சர்க்கரையை அளக்க வல்லவர் என்பதை இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செற் சஞ்சிகையில் நிறுவின. ஆயினும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தாற் பிற்காலச் சிக்கல்கள் குறையுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு அப்போது முடிந்த முடிபான விடை இருக்கவில்லை. மருத்துவ உலகம் தயங்கியமைக்கு இதுவும் ஒரு நேர்மையான காரணமே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளரைக் கொண்டு 1983இல் தொடங்கிய பெரும் ஆய்வு 1993ஆம் ஆண்டில் விடையளித்தது. நாள்தோறும் பலமுறை அளந்து, பலமுறை மருந்தேற்றியோரில், கண் பாதிப்பு முன்னர் இல்லாதிருந்தவர்க்கு அது தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது.

1969க்கும் 1993க்கும் இடைப்பட்ட காலம் 24 ஆண்டுகள். அவ்விடைக்காலத்திற் கண்ணிழந்தோரும் சிறுநீரகம் இழந்தோரும் எத்தனை பேர் என்று நாம் கணக்கிட முடியாது. தனியொருவரின் அனுபவத்தை நம்பி உலகம் உடனே மாறியிருக்க வேண்டும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு நோயாளி கொண்டுவந்த கேள்வி, அவர் நோயாளி என்பதற்காக ஆராயப்படாமற் கிடப்பது அறிவியலின் ஒழுக்கமாகாது. விடையை நம்பத் தயங்கலாம். கேள்வியைச் செவிமடுக்கத் தயங்குதல் தகாது.

உறங்காத பெற்றோர்

1993ஆம் ஆண்டு ஆய்வில் மற்றொரு முடிவும் இருந்தது. கடுமையாகக் கட்டுப்படுத்தியோரிடையே கடுஞ்சர்க்கரை வீழ்ச்சி ஏறத்தாழ மும்மடங்காக நிகழ்ந்தது. கண்ணைக் காக்கும் வழி உறக்கத்தில் உயிரைப் பறிக்கவும் கூடும் என்பது இதன் பொருள். நீரிழிவுள்ள குழந்தையின் பெற்றோர் நள்ளிரவில் எழுந்து பிள்ளையின் விரலிற் குத்திப் பார்ப்பது இவ்வச்சத்தினாலேயே. மூன்றாவது முயற்சி இவ்வச்சத்திலிருந்து பிறந்தது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்கும் உணரிகள் பாவனைக்கு வந்திருந்தன. எனினும் அளவினைக் காட்டும் சிறு கருவி நோயாளியின் அருகிலேயே இருத்தல் வேண்டும். அமெரிக்க மென்பொருளறிஞர் ஜோன் கொஸ்ரிக்கின் மகனுக்கு 2012இல், நான்கு வயதில், நீரிழிவு கண்டறியப்பட்டது. பிள்ளை வெளியே சென்றிருக்கும்போது அவனுடைய அளவைத் தாம் காண வழியில்லாமையைக் கண்ட கொஸ்ரிக், 2013இல் அக்கருவியிலிருந்து எண்களை இணையத்திற்கு அனுப்பும் செய்நிரலை எழுதினார். தம் மேசையிலிருந்தே மகனின் நிலையைப் பார்த்தார். அவர் செய்நிரலைப் பிறருக்கும் கொடுத்தார். வேறு பெற்றோரும் அதனைத் திருத்தி விரித்தனர். ‘நைற்ஸ்கவுற்’ என்ற பெயரில் அது எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்கதாயிற்று. ‘நாம் காத்திருக்கப் போவதில்லை’ என்பதே அவ்வியக்கத்தின் முழக்கம். இத்தகைய வசதியை உணரி உற்பத்தியாளரே வழங்குவதற்கு 2015ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

கொஸ்ரிக்கின் செய்நிரலைப் பெற்றோருள் ஒருவர் சியாற்றில் நகரில் வாழ்ந்த டேனா லூயிஸ். நோயாளியான அவருக்கு, உணரியின் எச்சரிக்கை ஒலி தம்மை உறக்கத்திலிருந்து எழுப்பாது என்ற அச்சம் இருந்தது. முதலில் அவர் நாடியது உரத்த ஒலி மாத்திரமே. பின்னர் ஸ்கொட் லைபிராண்டுடன் இணைந்து, அடுத்து என்ன நிகழும் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் முறையை உருவாக்கினார். பென் வெஸ்ற் என்னும் மற்றொரு நோயாளி, இன்சுலின் ஏற்றும் பம்பியுடன் கணினி உரையாடும் வழியைப் பல ஆண்டு உழைப்பினாற் கண்டறிந்திருந்தார். இவை ஒன்றுசேர, 2014 டிசெம்பரில், உணரி அளக்க, சிறு கணினி கணிக்க, பம்பி மருந்தைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தும் ஒழுங்கு லூயிசின் உடலிற் செயற்படத் தொடங்கியது. 2015 பெப்ரவரியில் அதன் வடிவமைப்பு யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. இத்தகைய ஒழுங்கினையுடைய முதலாவது வணிகக் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016 செப்ரெம்பரிலாகும்.

எதிர்வாதங்கள்

இவ்வரலாற்றை வெறும் வெற்றிப் பரணியாகப் பாடுதல் தவறு. மூன்று எதிர்வாதங்களை நாம் நேர்மையுடன் எதிர்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, ஆபத்து. இன்சுலின் உயிரைக் காக்கும் மருந்தாயினும் அளவு மீறினால் நஞ்சு. தாமாகவே இணைத்துக்கொண்ட கருவியமைப்பினால் ஒருவருக்கு மருந்து மிகையாகச் செலுத்தப்பட்டதைத் தொடர்ந்து, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2019ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. அவ்வெச்சரிக்கையை அதிகாரவர்க்கத்தின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, வகைமாதிரி. தம் உடலில் நிகழ்ந்ததைக்கொண்டு எல்லார் உடலுக்கும் விதிசெய்ய முடியுமா? முடியாது. ஒப்பீட்டாய்வு தேவையாவது இதனாலேயே. நியூசிலாந்தில் 97 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட அத்தகைய ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயாளர் ஆக்கிய திறந்த செய்நிரலைப் பயன்படுத்தியோரின் சர்க்கரை, உரிய எல்லைக்குள் நின்ற நேரம், மற்றைக் குழுவினரைவிட 14 சதவீதப் புள்ளிகள் கூடுதலாயிருந்தது. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட நேரம் அது. நோயாளர் கண்ட வழியை மருத்துவர் தம் முறையாற் சோதித்து உறுதிப்படுத்தினர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது வாதமே மிகக் கனமானது. அது வர்க்கம் பற்றியது. பேண்ஸ்ரைனுக்கு 650 டொலரும் வைத்தியரான மனைவியும் இருந்தனர். கொஸ்ரிக் செய்நிரல் எழுதத் தெரிந்தவர். ஏவாவுக்கும் விக்ரருக்கும் ஆய்வுநூலை வாசித்து விளங்கும் கல்வி இருந்தது. நோயாளரின் ஆக்கத்திறன் எனப் போற்றப்படுவது உண்மையிற் கற்ற நடுத்தரவர்க்க நோயாளரின் ஆக்கத்திறன் அன்றோ என ஒருவர் வினவலாம். இவ்வினாவிற் பெரும் உண்மை உண்டு. கூலித்தொழிலாளியான ஒரு தாயும் தன் பிள்ளையின் உடலைக் கூர்ந்து கவனிக்கின்றாள். எந்த உணவுக்குப் பின் அவன் சோர்வான், எந்த வியர்வை ஆபத்தின் அறிகுறி என்பதை அவள் அறிவாள். அவ்வறிவை எழுதவும் சோதிக்கவும் பிறர்க்கு எட்டச்செய்யவும் வேண்டிய சாதனங்கள் அவளிடம் இல்லை. ஆகவே அது அவளுடனேயே மறைகின்றது, வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. நாம் மேலே கண்ட பெயர்கள் ஏட்டில் ஏறிய பெயர்கள், ஏறாதவை எண்ணிறந்தன.

முடிவுரை

எருமையின் சதையியிலிருந்து எடுத்த பழுப்புநிற மருந்து, வைத்தியசாலைக்கென ஆக்கப்பட்டு வீட்டுக்கு வந்த அளவுகருவி, ஒரு தந்தையின் செய்நிரலிலிருந்து வளர்ந்த தானியங்கு ஒழுங்கு ஆகிய மூன்றும் காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்டவை. ஆயினும் அவற்றிடையே பொதுவான இயல்பு ஒன்றுண்டு. நோயுடன் இருபத்துநான்கு மணித்தியாலமும் வாழ்பவர், நோயை வேளைகுறித்துச் சந்திப்பவர் காணாத ஒன்றைக் காண்கின்றார். அவர் கண்டது பிறருடன் பகிரப்படும்போது அனுபவம் அறிவாகின்றது. அது முறையாகச் சோதிக்கப்படும்போது மருத்துவமாகின்றது. இம்மூன்று படிகளில் எது இல்லையேனும் மற்றையவை பயனற்றுப்போம்.

எமது நாட்டிலும் நீரிழிவு இன்று இல்லந்தோறும் அறியப்பட்ட நோயாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டினை நாமும் அனுபவித்தோம். அத்தகைய காலங்களிற் குடும்பங்கள் எவ்வாறு சமாளித்தன, எதனைக் கண்டறிந்தன, எதனை அயலவர்க்குச் சொல்லிக்கொடுத்தன என்பன எழுதப்படாமலே கழிந்துவிடக்கூடும். வைத்தியசாலைப் பதிவேடுகளில் அவை இரா. வீடுகளிற் பழைய அப்பியாசக் கொப்பிகளில் எழுதப்பட்ட எண்களிலும், வயதான தாய்மாரின் நினைவுகளிலுமே அவை உள்ளன. மருத்துவ மாணவர் அவற்றைச் செவிமடுப்பாராயின் சிகிச்சை சிறக்கும். கலைப்பீட மாணவராகிய நாம் அவற்றைத் தேடித் திரட்டுவோமாயின், மருத்துவ வரலாற்றில் நோயாளி படுக்கையிலிருந்து எழுந்து அமர்ந்து பேசத் தொடங்குவார். அப்பணி எமக்காகக் காத்திருக்கின்றது. அந்நினைவுகளை உடையோர் நெடுங்காலம் காத்திருக்க மாட்டார்.